சீட்டுக்கு அடியில் மூளை

தீனதயாளனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சோறு தின்கிறபோதுதான் தெரியும் என்று மணிமொழி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். புருஷனைக் குறை சொல்வதுபோல இருந்தாலும் அதில் ஒரு பெருமையும் கலந்திருக்கும். அவன் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில், கோமுகி அணைக்குக் கொஞ்சம் முன்னால், வயலை ஒட்டி அவர்கள் வீடு. பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. அதைவிடப் பெரியது லோடு வண்டி நிற்கிற தகரக் கொட்டகை. வயல் சாப்பாட்டுக்கு நெல் கொடுத்தது, மாடு கைச்செலவுக்குப் பால் கொடுத்தது, மற்றதெல்லாம் வண்டிதான். விடிந்ததும் தீனதயாளன் கல்வராயன் மலைக்கு ஏறிவிடுவான். போகும்போது சிமெண்டு, மளிகை, கோழித் தீவனம். இறங்கும்போது மாசத்துக்குத் தகுந்த சரக்கு. மாசி பங்குனியில் புளி, வைகாசியில் பலா, தை மாசத்தில் மரவள்ளிக் கிழங்கு. காட்டில் பெண்கள் கிழங்கைப் பிடுங்கி, குச்சியை வெட்டிப் போட்டு, மண்ணைத் தட்டி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அதை அன்றைக்கே சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் சேர்த்துவிட வேண்டும். ஒருநாள் கிடந்தாலும் கிழங்கில் மாவு குறைந்துவிட்டது, பாயிண்ட் இறங்கிவிட்டது என்று மில்காரன் விலையைக் கிள்ளிவிடுவான்.

அப்படி ஒரு தை மாசத்தில், முதுகு நிறையக் கிழங்கோடு, கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோனது. மேலே ஏறிவந்த இன்னொரு வண்டிக்கு லோடை மாற்றிவிட்டு, இதைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் கள்ளக்குறிச்சி ஷோரூமில் விட்டான். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத வண்டி. ரெண்டு நாளில் கூப்பிடுகிறோம் என்றார்கள். வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பியவன் முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மணிமொழி கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டு, மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"இன்னாங்க, இன்னா சொன்னாங்க ஷோரூம்ல?"

"கம்ப்யூட்டர் பாக்ஸ் போயிடுச்சாம்."

"எங்க போச்சி?"

"கெட்டுப் போச்சாம் புள்ள. ஈசிஎம்முன்னு சொல்றாங்க. அது சொன்னாதான் இஞ்சினு கேக்கும். புதுசா மாத்தி பில்லு போட்டுட்டாங்க."

"போடட்டும். அதான் வாரண்டி கீதே. ஒண்ணுன்னா எங்க பொறுப்புன்னு மால போட்டு சாவி குடுத்தாங்களே, மறந்துட்டாங்களா?"

"தண்ணி பூந்துருக்காம். தண்ணி பூந்தா வாரண்டி கெடையாதாம்."

பிறகு அவன் பில் தொகையைச் சொன்னான். மணிமொழி கரண்டியைக் கீழே வைத்தாள். அபிநயாவின் தோட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கண்ணுக்கு முன்னால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே தொகைதான் வந்தது.

அபிநயா தீனதயாளனின் தங்கச்சி மகள். தங்கச்சி கமலாவை மூங்கில்துறைப்பட்டில் கொடுத்திருக்கிறது, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீர்த்தட்டும் தோடும் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். தீனதயாளன் தனக்குச் சட்டை எடுக்காமல் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்தத் தோட்டை வாங்கியிருந்தான். இப்போது வண்டியை எடுத்தால் தோட்டை அடகு வைக்க வேண்டும், தோட்டை வைத்துக்கொண்டால் வண்டி ஷோரூமிலேயே கிடக்கும்.

"மழ பேஞ்சி எத்தினி நாளாச்சி?" என்று மணிமொழி ஆரம்பித்தாள். "கார்த்திகைல பேஞ்சதோட சரி. அணையே பாதியா வத்திக்கினு கீது. தண்ணி எங்கருந்து பூந்துச்சாம்? வானத்துலருந்து அந்தப் பொட்டிக்கி மட்டும் தனியா ஊத்துச்சாமா?"

தீனதயாளனுக்குப் புரையேறிவிட்டது. கருவாட்டு முள்தான் என்று நினைத்து அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"தோட்டத் தொட வேணாம்" என்றான் அவன், இருமல் அடங்கியதும். "பைக்க குடுத்துடலாம்னு கீறேன். பக்கத்துக் கொல்ல ஆதிமூலம் ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்தாரு. வந்து பாக்கச் சொல்லிட்டேன்."

மணிமொழிக்கு அது நெஞ்சில் குத்தியது. அந்த பைக் அவன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினது. அதில்தான் அவளைப் பெண் பார்க்க வந்தான். வந்த இடத்திலும் வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளை ஊமையா என்று அவள் அப்பாவே கேட்டார். இன்றைக்கும் காலையில் பல் விளக்குகிறானோ இல்லையோ அதைத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"அத விக்கிறதுக்கா இத்தினி வருசம் தொடச்சீங்க? நாளைக்கி நானும் வரேன். நான் கேக்கறேன் அவங்கள."

"வேணாம் புள்ள. கட்டிட்டு எடுத்தாந்துடலாம். சண்ட இன்னாத்துக்கு?"

"சண்ட இல்ல. நாயம் கேக்கறது. நீங்க பேசலன்னா நான் பேசறேன். புள்ளப்பூச்சியாட்டம் ஒரு மனுசன் இப்டியா இருப்பான்?"

அவன் களியின் கடைசி உருண்டையைக் குழம்பில் புரட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து கமலா போன் பண்ணினாள்.

"அண்ணி, அண்ணன் வண்டிலதான வரீங்க? அபி பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறா. எங்க மாமா வண்டில முன்னாடி ஒக்காந்துக்கினு ஊர சுத்துவேன்னு."

"பின்ன, நடந்தா வருவோம்?" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இனி வழியில்லை.

மறுநாள் பஸ் கள்ளக்குறிச்சி போய்ச் சேர வெகுநேரம் ஆனது. முன்னால் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று, ரெண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரோட்டையே அடைத்துக்கொண்டு போனது. மணிமொழிக்கு அது நல்லதாகப் போயிற்று. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் நியாயத்தைச் சொல்லி முடிக்க நேரம் கிடைத்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் சொன்னார், ஒருவர் அந்தக் கம்பெனி வண்டியே சரியில்லை என்றார். சந்தைக்குக் கீரைக்கட்டோடு போன ஜெயம்மாள் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள்.

"எம்மா, எங்க வூட்டு மிக்சிய ரிப்பேருக்குக் குடுத்தப்ப மோட்டாரு மாத்திட்டேன்னான். சரிப்பா, பழைய மோட்டாரக் குடு, பேரீச்சம்பழத்துக்காவது போடறேன்னேன். முழிக்கிறான். நீ போயி பழைய பொட்டியக் கேளு. மாத்துனவன் குடுப்பான், மாத்தாதவன் முழிப்பான்."

மணிமொழிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. வழியெல்லாம் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஜன்னலோரம் இருந்த தீனதயாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். தை மாசத்துக் காலைக்காற்றில் அவனுக்கு மட்டும் எப்படி வேர்க்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளுகுளுவென்றிருந்தது. நடுவில் புது வண்டி ஒன்று ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது, அதன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. கவுண்டரில் சுபஸ்ரீ என்று சட்டையில் பெயர் குத்திய பெண் எழுந்து வணக்கம் வைத்தாள்.

"வாங்க சார். உக்காருங்க மேடம். வண்டி ரெடியா இருக்கு. பேமென்ட் முடிச்சிட்டா எடுத்துக்கலாம்."

"அதுக்குத்தாம்மா வந்தோம்" என்றாள் மணிமொழி, இனிப்பாக. "தண்ணி பூந்துச்சின்னு சொன்னீங்களாமே. எப்பிடி பூந்துச்சி?"

"கனெக்டர்ல ஈரம் பட்டிருக்கு மேடம். பின்னுங்க பச்சை பூத்திருந்துச்சு. மெக்கானிக் போட்டோ எடுத்திருக்காரு."

"மழையே இல்லியே கண்ணு."

"வாட்டர் சர்வீஸ் பண்ணும்போது பட்டிருக்கலாம், மேடம். அதெல்லாம் கஸ்டமர் சைடு."

"எங்க வூட்டுக்காரு மாட்டக் கழுவறதவிட அந்த வண்டியப் பதமாக் கழுவுவாரு. சரி, அது போவட்டும். பொட்டி மாத்திட்டீங்க இல்ல? பழைய பொட்டியக் குடுங்க."

சுபஸ்ரீ சட்டென்று நிமிர்ந்தாள். "பழசு கம்பெனிக்கு அனுப்பிட்டோம் மேடம்."

"எங்க வண்டிப் பொட்டி. எங்களக் கேக்காம எப்பிடி அனுப்பிச்சீங்க?"

"அதான் ரூல் மேடம்."

"ரூலு ஒங்களுக்குக் கீது. வாரண்டிக்கும் ரூலு, பொட்டிக்கும் ரூலு. எங்களுக்கு இன்னா கீது?"

தீனதயாளன் அவள் முந்தானையை மெதுவாக இழுத்தான். "வா புள்ள. கட்டிட்டுப் போயிடலாம். ஆதிமூலத்தாண்ட அட்வான்சு வாங்கியாந்துருக்கேன்."

"சும்மா இருங்க." அவள் குரல் ஏறியது. சோபாவில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். தமிழழகன் என்று பெயர், நெற்றியில் காலையில் வைத்த விபூதி இன்னும் கலையாமல் இருந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்.

"அம்மா, நாங்க மாத்தாம மாத்தினேன்னு சொல்ல மாட்டோம். சிஸ்டத்துல புது பாக்ஸ் நம்பர் ஏறியிருக்கு பாருங்க."

"எனக்கு சிஸ்டம் தெரியாதுங்க. வண்டி தெரியும். தொறந்து காட்டுங்க, புதுசா கீதா பாக்கறேன். புதுசுன்னா பேசாமக் கட்டிட்டுப் போறேன்."

"தாராளமா வாங்க" என்றார் தமிழழகன்.

தீனதயாளன் "வேணாம் சார்" என்றான். அவன் அந்தக் காலையில் சத்தமாகச் சொன்னது அதுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பணம் கட்டுகிறவனே வேண்டாம் என்கிறானே என்று மேனேஜருக்கு ஆச்சரியம். மணிமொழிக்கு மானம் போனது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

பின்பக்கம் ஒர்க்‌ஷாப். எண்ணெய் வாசனையும் சுத்தியல் சத்தமுமாக இருந்தது. அவர்கள் வண்டி ஓரமாக நின்றது. ஊருக்குப் போய்வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல மணிமொழி அதன் கதவைத் தடவிக் கொடுத்தாள். மெக்கானிக் சின்னதுரை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். அவனுக்குக் கரியாலூர்ப் பக்கம்தான் ஊர், தீனதயாளனை மலையில் பார்த்த பழக்கம் உண்டு.

"ஈசிஎம் கவரைக் கழட்டிக் காட்டுப்பா" என்றார் மேனேஜர்.

சின்னதுரை ஒரு கணம் தீனதயாளனைப் பார்த்தான். பிறகு இடதுபக்கத்து சீட்டைத் தூக்கினான். மணிமொழி எப்போதும் உட்கார்ந்து வருகிற சீட்டு. அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி. ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிந்தன.

கறுப்புப் பெட்டியின் நெற்றியில், வட்டமாக, ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தாலும் கைநேர்த்தி கெடவில்லை. ஒரு பக்கம் மட்டும் யாரோ கட்டை விரலால் துடைக்கப் பார்த்ததுபோல இழுத்துவிட்டிருந்தது.

புதுப் பெட்டிக்கு யாரும் பொட்டு வைத்து அனுப்புவதில்லை. சுபஸ்ரீ கையை வாயில் வைத்துக்கொண்டாள். மேனேஜரின் விபூதி நெற்றியில் சுருக்கம் விழுந்தது. மணிமொழி ஜெயித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் நிமிரப் போனவள் கண்ணில் இன்னொன்று பட்டது. பொட்டிலிருந்து மெல்லிசாக ஒரு மஞ்சள் தாரை வழிந்து இறங்கி, நேராக ஒயர் சொருகுகிற இடத்துக்குப் போயிருந்தது.

அவளுக்கு ஆயுதபூஜை நினைவுக்கு வந்தது. வண்டி எடுத்த அன்றைக்கே இந்த சீட்டைத் தூக்கிக் காட்டி, இதுதாங்க வண்டியோட மூளை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் மறக்கவில்லை. ஆயுதபூஜை அன்று டயர், ஸ்டியரிங், ஜாக்கி, மண்வெட்டி, அரிவாள், கிரைண்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், புருஷன் வாழைமரம் கட்டப் போன நேரத்தில் தானே திருப்புளி கொண்டு மூடியைக் கழற்றி, மூளைக்கும் ஒன்று வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாவிலையால் மஞ்சத்தண்ணி தெளித்தாள். மூளைக்குக் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது என்று சொம்பைச் சாய்த்துக் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள். நேற்றிலிருந்து தண்ணி எங்கிருந்து பூந்தது என்று ஊரைக் கூட்டிக் கேட்டவளும் அவளேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். வண்டி எடுத்த அன்றைக்கு உங்கள் ஆட்கள் வைத்ததுதான் என்று சாதித்தால் யார் மறுப்பார்கள்? பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை என்பதில்லை, தேவைக்குச் சொல்லுவாள். ஆனால் அந்தப் பொட்டு அத்தனை லட்சணமாக இருந்தது. அதை வேறொருத்தன் வைத்ததாகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"பொட்டு நான் வச்சதுங்க" என்றாள். "தண்ணியும் நான் ஊத்துனதுதான். ஆயுதபூசைக்கி."

சின்னதுரைதான் முதலில் தொண்டையைக் கனைத்தான்.

"சார், தப்பு எம்மேலயும் கீது. ஸ்கேன் போட்டப்ப பாக்ஸ் காலின்னுதான் காட்டுச்சி. புதுசு ஆர்டர் போட்டோம், அன்னிக்கே இவங்க பில்லு போட்டுட்டாங்க. சரக்கு வரதுக்குள்ள சும்மாதான கீது, பச்ச பூத்த கனெக்டர் பின்னத் தேச்சிப் பாப்போம்னு தேச்சி மாட்டுனேன். மொத சுத்துலயே வண்டி எடுத்துக்கிச்சி. புதுசு ஸ்டோர்ல பிரிக்காம கீது. சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள வேற வண்டிக்கிப் பூட்டேன்."

"பழசு கம்பெனிக்குப் போயிடுச்சுன்னு நானும் பாக்காமதான் சொல்லிட்டேன் சார்" என்றாள் சுபஸ்ரீ, தலையைக் குனிந்துகொண்டு. "எப்பவும் அப்படித்தான் போகும்."

மேனேஜர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைக் கோபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மணிமொழியிடம் திரும்பினார்.

"ஏம்மா, எலக்ட்ரானிக் சாமான் மேல போய் யாராச்சும் மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களா? பொட்டு வைப்பாங்களா?"

மணிமொழியின் கண் அதற்குள் சுற்றுமுற்றும் மேய்ந்துவிட்டிருந்தது. பக்கத்து மேஜையில், ஒயர் சுற்றி வைத்திருந்த ஸ்கேன் மிஷின். அதன் நெற்றியில் காய்ந்துபோன மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம்.

"அந்த மிசினுக்கு வச்சது யாருங்க?"

சின்னதுரை மேனேஜரைப் பார்த்தான். சுபஸ்ரீயும் மேனேஜரைப் பார்த்தாள். அவர் மிஷினைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார். "ஆனா நான் தண்ணி ஊத்தல."

முதலில் சிரித்தது சுபஸ்ரீதான். அப்புறம் சின்னதுரை, அப்புறம் பக்கத்து வண்டிக்கடியில் படுத்திருந்த இன்னொரு மெக்கானிக்கும் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். மேனேஜர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மணிமொழி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்காமல் நின்றது தீனதயாளன் மட்டும்தான். அவன் ரொம்பப் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன்போல டயர்மேல் சாய்ந்து நின்றான்.

பழைய பில்லை அடித்துவிட்டுப் புதுசாகப் போட்டார்கள். பின்னைத் தேய்த்த கூலி மட்டும்தான். அதைத் தீனதயாளன் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தான். சின்னதுரை மூடியைச் சுற்றி ரப்பர் வைத்து இறுக்கிவிட்டு, பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தவன் மணிமொழியின் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கட்டுங்க. பொட்டு ஒண்ணும் பண்ணாது. தண்ணிதான் ஆவாது" என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

கிளம்பும்போது மணிமொழி சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் போட்டுட்டேன் கண்ணு, மனசுல வச்சிக்காத. ஞாயித்துக்கெழம மூங்கில்துறைப்பட்டுல எங்க நாத்தனா மவளுக்குக் காதுகுத்து. எல்லாரும் வந்துடுங்க." சண்டை போட வந்தவள் பத்திரிகை வைத்துவிட்டுப் போனதை அந்த ஷோரூமில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆதிமூலம் சாயங்காலம் வந்து பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொடுத்த அட்வான்ஸையும் ஒரு டம்ளர் காபியையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் சீர்த்தட்டுகள். பழம், வெல்லம், வளையல், பட்டுப்பாவாடை, பொட்டுக்கடலை உருண்டை. மலையில் காதுகுத்து விஷயம் தெரிந்து ஆளாளுக்கு ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். சாமை ஒரு மூட்டை, தேன் ரெண்டு பாட்டில், ஒரு கூடை நெல்லிக்காய். சொந்தக்காரர்கள் பம்பைக்காரர்களோடு பின்னால் வேனில் வந்தார்கள். கேபினில் இவர்கள் ரெண்டு பேர் மட்டும். மணிமொழி தோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூளைக்குமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

ரெண்டு பக்கமும் கரும்பு. சில கொல்லையில் பூ வெடித்து வெள்ளையாக ஆடியது, சில கொல்லையில் ஆட்கள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மணிமொழிக்கு வாய் நிறையச் சந்தோஷம்.

"பாத்தீங்களா, நான் வரலன்னா இன்னா ஆயிருக்கும்? நீங்க பைக்க வித்துட்டு வந்து, கொட்டாயில நின்னு தேம்பிக்கினு இருப்பீங்க. ஒரே ஒரு வார்த்த நீங்க வாயத் தொறந்து கேட்டுருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். வாயில இன்னா கொழுக்கட்டையா?"

தீனதயாளன் ஒரு கரும்பு வண்டிக்கு வழி விட்டான். மாடுகள் தலையாட்டிக்கொண்டு கடந்துபோயின.

"அந்தப் பொட்ட நான் வளைவுலயே பாத்துட்டேன் புள்ள" என்றான்.

"எந்த வளைவுல?"

"வண்டி நின்னப்ப. ஒயரு இன்னா ஆச்சின்னு சீட்டத் தூக்கி மூடியக் கழட்டிப் பாத்தேன். மஞ்சத் தாரையும் தெரிஞ்சிச்சி. வெரலால தொடச்சேன், போவல."

மணிமொழிக்கு அந்தக் கட்டைவிரல் இழுவை கண்முன்னால் வந்தது. "பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? ரெண்டு நாளு சோறு துன்ன மாட்ட. மலையேத்தத்துல வண்டி நின்னதே ஒன்னாலதான்னு நெனச்சி நெனச்சி அழுவ. ஷோரூம்ல போயி எதுத்துக் கேட்டா, ஒங்க வூட்டம்மா ஊத்துன தண்ணிதான்யான்னு நாலு பேரு முன்னாடி போட்டோவக் காட்டுவாங்க. நீ சாமி கும்புட்டதத் தப்புன்னு எவனாச்சும் சொல்றதா? போவட்டும் பைக்குன்னு நெனச்சேன். நீ பழைய பொட்டியக் குடுன்னு கேட்டப்பதான் எனக்குக் கையி காலு ஓடல."

அவன் அதைச் சோளம் என்ன விலை என்று சொல்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சங்கராபுரம் வந்தது, கடைத்தெரு வந்தது, தாண்டியும் போயிற்று. அவள் பேசவில்லை. புள்ளப்பூச்சி என்று தான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. எனக்காகவா இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டான் என்று நினைக்க நினைக்க அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இதைவிட அவளுக்கு வேறென்ன சீர் வேண்டும்? முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கியர் போடுகிற அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

"கியர் உழாது, எடு" என்றான் அவன்.

"உழும். ஓட்டுங்க" என்றாள்.

மூங்கில்துறைப்பட்டில் நுழையும்போதே ஆலையின் கரும்புச்சாறு வாசனை வந்து மூக்கில் ஏறியது. பம்பை முழங்க, வண்டி கமலா வீட்டுத் தெருவில் திரும்பியது. "எங்க மாமா வண்டி, எங்க மாமா வண்டி" என்று ஓடிவந்த அபிநயாவை மணிமொழி தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெரு முழுக்க ஜனம். கமலா ஆரத்தித் தட்டோடு வந்து, வண்டியில் இருந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் சுற்றி, எட்டி நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, மிச்ச மஞ்சத்தண்ணியை அள்ளிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

"ஏ கமலா, வண்டிக்கித் தண்ணி காட்டாத" என்று மணிமொழி பதறிப்போய்க் கத்தினாள்.

பம்பை நின்றுவிட்டது. என்னவோ ஏதோ என்று எல்லோரும் பார்த்தார்கள். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். அவள் வண்டியிலிருந்தபடியே ஆயுதபூஜையில் ஆரம்பித்து, மூளைக்கு ஊற்றின சொம்புத்தண்ணி, ஷோரூம் சண்டை, விற்கப் பார்த்த பைக், வளைவில் பார்த்தும் வாயைத் திறக்காத புருஷன் என்று ஒன்று விடாமல் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள். பாதியில் ஜனம் சிரித்தது. பைக் கதைக்கு வந்ததும் சிரிப்பு அடங்கியது.

கமலா கையில் தட்டோடு அப்படியே நின்றாள். "அப்ப வண்டிக்கிப் பொட்டு வேணாமா அண்ணி?"

மணிமொழி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தீனதயாளன் வண்டியைவிட்டு இறங்கி, அத்தனை பேர் முன்னால், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"வை கமலா. உள்ள கீறது உங்க அண்ணி வச்சது, அத எவனாலயும் அழிக்க முடியல. வெளிய ஒண்ணு நீ வை. தண்ணிய மட்டும் டயருக்கு ஊத்து."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. பம்பைக்காரர்கள் அவர்களாகவே மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். அபிநயா மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மணிமொழி தோட்டுப் பெட்டியைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தாள். பிள்ளைக்குக் காது குத்தி முடிகிற வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டது தீனதயாளன்தான்.